பிரிக்காத மாத்திரை அட்டைகள்: கடலூர்க் கடலோரத்தில் ஒரு மீன்கார ஆயாவின் தனிமை குறித்த நிகழ்வு ஆய்வு

கடலூர் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பு ஒன்றில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் மாதந்தோறும் வீடு வீடாக இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர் ஒருவர், 2024 பிப்ரவரியில், தாம் வழக்கமாகப் போகும் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சமையல் மேடைப் பக்கம் போனார். அங்கே மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு ஒன்றில் நான்கு மாத மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ரப்பர் பேண்டு போட்டு ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

தன்னார்வலர் கடிந்துகொள்ளவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இன்னொன்றையும் கவனித்தார். பகல் பன்னிரண்டரை மணிக்கு அடுப்பு சில்லென்றிருந்தது. சோற்றுப் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கழுவும் தொட்டியில் ஒரேயொரு டீ டம்ளர் கிடந்தது. "ஆயா மாத்திரை போடலைங்க மேடம். ஆனா அதுக்கு முன்னாடி, ஆயா சோறே ஆக்கறதில்லன்னு நெனைக்கிறேன்" என்று அவர் எங்களிடம் வந்து சொன்னார். இந்த ஆய்வு அந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறது. கண்டுபிடிப்பு என்று இதில் ஏதேனும் இருந்தால் அது அவருடையதே.

நான் மருத்துவர் அல்லள். தனியாக வாழும் நாள்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் சிறு குழுவொன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இங்கே எழுதப்படுவது 2024 பிப்ரவரி முதல் 2025 மார்ச் வரையிலான பதிமூன்று மாதப் பதிவு. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவரை 'ஆயா' என்றே குறிப்பிடுகிறேன். வடமாவட்ட வழக்கப்படி பாட்டியைக் குறிக்கும் அந்தச் சொல்லால்தான் குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி அழைக்கிற வயதுக்காரர்கள் யாரும் அந்தத் தெருவில் மிஞ்சியிருக்கவில்லை.

பின்னணி

ஆதார் அட்டையில் ஆயாவுக்கு வயது 68. அவர் கணக்கில் அதைவிடக் கூட. கணவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அலை இவருடைய குடிசையையும் கொண்டுபோனது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மீனுக்கு நல்ல கிராக்கி உள்ள நாள் என்பதால், அவர் அந்நேரம் கூடையோடு மஞ்சக்குப்பத்தில் இருந்தார். பிள்ளைகள் இருவரும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். சில ஆண்டுகளில் கடலிலிருந்து தள்ளி, 'சுனாமி கோட்ரஸ்' என்று ஊரார் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது. பழைய இடத்தில் வலை பின்னுவது, மீன் ஆய்வது, தலை சீவுவது, சண்டை போடுவது எல்லாம் வாசல் மணலில் நடந்தன. புதிய வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு உண்டு, மழைக்கு ஒழுகாத கூரை உண்டு. உட்கார மணல் இல்லை.

மகள் திருமணமாகிக் காரைக்கால் பக்கம் போனார். மகன் 2013-இல் வளைகுடா நாடு ஒன்றுக்கு மீன்பிடித் தொழிலாளியாகப் போனார். ஆக, இவர் தனியாக வாழத் தொடங்கியது 2013-இல். ஆனால் அதற்கடுத்த ஏழு ஆண்டுகளில் அவரிடம் எந்தச் சோர்வும் தென்பட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரை நோய் 2016-இலேயே கண்டறியப்பட்டிருந்தும், பழைய சீட்டுகளில் உள்ள அளவுகள் மோசமில்லை. தனியாக வாழ்வதும் தனிமையால் நோவதும் ஒன்றாக இருந்திருந்தால், இவருடைய சீட்டுகளில் 2013-க்குப் பிறகு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். மாற்றம் தெரிவது 2020-க்குப் பிறகுதான்.

2020 மார்ச் வரை அவருடைய ஒரு நாள் இப்படி இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முதுநகர்த் துறைமுகத்துக்குப் போவார். ஏலத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கூடையை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நெத்திலி, சங்கரா, கானாங்கத்தை, வாங்க ஆளிருந்தால் வஞ்சிரத் துண்டு என்று அன்னக்கூடையில் அடுக்கி, ஷேர் ஆட்டோவில் மஞ்சக்குப்பம் இறங்கி, சும்மாட்டின் மேல் கூடையை ஏற்றி, புதுப்பாளையம் வரைக்கும் ஏறக்குறைய முப்பது வாடிக்கை வீடுகளுக்கு நடப்பார். அந்த முப்பது வீட்டிலும் யாருக்குக் கல்யாணம், யாருக்கு மூலம், எந்த மருமகள் முள் மீன் தொடமாட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு மணிக்கு வீடு திரும்பி, கூடையில் மிஞ்சிய பொடி மீனில் குழம்பு வைத்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பார். நாளொன்றுக்கு முப்பது வாசல் என்றால், ஓர் ஆண்டில் எத்தனை ஆயிரம் முறை இவர் பிறரால் எதிர்பார்க்கப்பட்டிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஊரடங்கில் எல்லாம் நின்றது. தளர்வு வந்தபோது வாடிக்கை வீடுகளில் பல, மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிவந்து விற்பவரிடமும், போனில் சொன்னால் வெட்டிச் சுத்தம் செய்து அனுப்பும் கடையிடமும் மாறியிருந்தன. ஓய்வில் இருந்த மாதங்களில் ஆயாவின் முழங்கால்கள் இறுகிவிட்டன. தொழிலை விட்டுவிட்டதாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. "அப்பறம் போவல" என்று மட்டும் சொன்னார்.

முதல் பரிசோதனை

பிப்ரவரியில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 176/98. வெறும் வயிற்றுச் சர்க்கரை 228. எடை 43 கிலோ. ஓராண்டுக்கு முந்தைய சீட்டில் 49. இரவு பத்து மணிக்குப் படுத்து ஒரு மணிக்கே விழித்துக்கொள்வதாகச் சொன்னார். வலது காதில் பேசினால் மட்டுமே பதில் வந்தது. அரசு மருத்துவமனையில் எடைக்குறைவுக்கு வேறு காரணம் ஏதேனும் உண்டா என்று சோதித்தார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையையும் போதிய உணவின்மையையும் தவிர எதுவும் அகப்படவில்லை.

மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதற்கு அவர் சொன்ன காரணம் மிக எளிமையானது. மெட்பார்மினை வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டலும் வயிற்றுப் புரட்டலும் வரும். உணவோடு எடுக்கச் சொல்வது அதனால்தான். ஆயா காலையில் டீயும் பொறையும், பகலில் சில நாள் பன், இரவில் யாராவது கொடுத்தால் இட்லி என்று இருந்தார். மாத்திரை வயிற்றைப் புரட்டியது, விட்டுவிட்டார். ஒன்றை விட்டதும் மற்றதையும் சேர்த்து விட்டார். சோறு ஏன் ஆக்கவில்லை என்று கேட்டபோது, "ஒருத்திக்கு எதுக்கு பாப்பா ஒல வெக்கணும்?" என்றார். ரேஷன் அரிசி மூட்டையில் இருந்தது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்தது. மகன் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி தொடப்படாமல் வங்கியில் கிடந்தது. வறுமையால் பட்டினி கிடந்தவர் அல்லர் இவர்.

தனிமை உடலைக் கெடுக்கும் வழிகளைப் பற்றி மருத்துவ நூல்கள் பேசும்போது மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், நீடித்த அழற்சி, துண்டுபட்ட தூக்கம் ஆகியவற்றை முதலில் சொல்கின்றன. அவை உண்மை, இவருடைய அழுத்தத்திலும் தூக்கத்திலும் அவற்றுக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்த வழி இன்னும் தட்டையானது: பகிர்ந்து உண்ண ஆளில்லாததால் உலை ஏறவில்லை, உலை ஏறாததால் மாத்திரை இறங்கவில்லை, மாத்திரை இறங்காததால் சர்க்கரை ஏறியது.

கேள்வியும் பதிலும்

தனிமையை அளக்க மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. துணை இல்லை, ஒதுக்கப்பட்டேன், பிறரிடமிருந்து விலகி நிற்கிறேன் என்ற உணர்வுகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 3 முதல் 9 வரை வரும். ஆயா வாங்கியது 4. அதாவது, எங்கள் தாளின்படி அவருக்குத் தனிமை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

இந்த 4-ஐ நான் இரண்டு மாதம் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று கேள்வி கேட்டபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். "எனக்கென்னா கொற, ராத்திரி ஒம்பது மணிக்கு டாண்ணு புள்ள போன் பண்ணுவான்" என்று ஆயா உரக்கச் சொன்னது எனக்கு மட்டும் சொன்ன பதிலன்று. படிக்கட்டுக்கும் சேர்த்துச் சொன்ன பதில். நம் ஊரில் ஒரு தாய் 'எனக்குத் துணை இல்லை' என்று சொல்வது அவருடைய மனநிலையைப் பற்றிய தகவலாக நிற்பதில்லை; அது மகன் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டாக அந்த நிமிடமே தெருவில் இறங்கிவிடும். அப்படி ஒரு சொல்லைப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுக்க எந்தத் தாயும் முன்வரமாட்டார். தனித்திருக்கும்போது, தனிமை என்ற சொல்லையே தொடாமல், "பொழுது எப்படிங்க ஆயா போவுது?" என்று கேட்டபோது வந்த பதில் வேறாக இருந்தது. "எங்க போவுது. சாயங்காலம் நாலு மணி ஆனா வெறிச்சுனு ஆயிடும். ஏழு மணிலேருந்து போன மடில வெச்சிக்கினு குந்திகினு இருப்பேன். வரலன்னா அப்படியே படுத்துக்குவேன்."

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய 'நட்புப் பலகை' முறையில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நோயாளிகளோடு பேசுகிறார்கள். மனச்சோர்வு என்று அவர்கள் கேட்பதில்லை. 'அதிகமாக யோசிக்கிறீர்களா' என்ற பொருள்படும் அந்த நாட்டு வழக்கிலேயே கேட்கிறார்கள். அந்த முறையின் பலனை உறுதிப்படுத்திய சோதனை 2016-இல் வெளியானது. எங்கள் பகுதியிலும் 'ரொம்ப யோசனையா இருக்கு' என்ற சொல் அதே வேலையைச் செய்கிறது. நாங்கள்தான் அதைத் தாளில் ஏற்றாமல் இருந்தோம்.

பிற இடங்களில் தெரிந்தவை

மனிதத் தொடர்புக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. அமெரிக்காவின் அலமேடா வட்டாரத்தில் ஏறக்குறைய 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வை லிசா பெர்க்மனும் லியோனார்ட் சைமும் 1979-இல் வெளியிட்டார்கள். உறவுத் தொடர்பு மிகக் குறைந்தவர்களின் இறப்பு விகிதம், மிகுந்தவர்களோடு ஒப்பிட, ஆண்களில் 2.3 மடங்காகவும் பெண்களில் 2.8 மடங்காகவும் இருந்தது. 2010-இல் ஜூலியான் ஹோல்ட் லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து, வலுவான உறவுகள் உள்ளவர்களுக்கு உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று காட்டினார்கள். நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று இப்போது எங்கும் சொல்லப்படும் ஒப்பீடு இந்த வகைத் தொகுப்பிலிருந்து பிறந்ததுதான். அதைக் குப்பத்துக் கூட்டமொன்றில் நான் சொன்னபோது, பெரியவர் ஒருவர், "அப்போ நாலு பேரோட சேந்து பீடி குடிச்சா சரியாப் போயிடுமா?" என்று கேட்டார்; அதற்குப் பிறகு சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. அதில் என்னை நிறுத்திய எண் வேறு. தனிமையை உணர்வதாகச் சொன்னவர்கள் வருமானம் மிகுந்த நாடுகளில் சுமார் 11 சதவீதம். வருமானம் குறைந்த நாடுகளில் சுமார் 24 சதவீதம். தனிமை என்பது வெள்ளைக்காரர் வியாதி, கூட்டுக்குடும்பம் உள்ள நமக்கு அது வராது என்று மேடைகளில் சொல்லப்படுவதை இந்த எண் தாங்காது.

நாங்கள் செய்த தவறுகள்

முதல் இரண்டு மாதங்களில் நாங்கள் செய்தவை எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை, பெரும்பாலும் பயனற்றவை. வாரம் ஒருமுறை பெரியவர்களைச் சமுதாயக் கூடத்தில் சேர்த்து, எளிய உடற்பயிற்சி, பாட்டு, பிஸ்கட், டீ என்று ஒரு சந்திப்பு நடத்திவந்தோம். ஆயாவை அதில் சேர்த்தோம். இரண்டு வாரம் வந்தார். மூன்றாம் வாரம் வரவில்லை. காரணம் கேட்டபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கைய தூக்கு, கால நீட்டுன்னு சின்னப் புள்ளைக்குச் சொல்றாப்புல சொல்றாங்க. நான் நாப்பது வருசம் கூட சொமந்தவ" என்றார். அவருக்கு ஆள் தேவைப்படுகிறது என்று நாங்கள் நினைத்தோம். அவர் தேவைப்படும் ஆள் யாரும் இல்லாமல் போனதுதான் சிக்கல் என்பது அந்தப் பதிலில் இருந்தும், அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

மகனிடம் பேசி, பகலிலும் ஒரு முறை அழைக்கச் சொன்னோம். அது நிலைமையை மோசமாக்கியது. காத்திருக்கும் வேளை ஒன்று போய் இரண்டாயிற்று.

இதற்கிடையே, சின்னதாக ஒன்று சரியாயிற்று. இடது காதில் குறும்பி அடைத்துக்கொண்டிருந்ததை அரசு மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். பத்து நிமிட வேலை. தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததால் 'ஆயாவுக்குத் திமிர்' என்று இரண்டு வீடுகள் ஓராண்டாகப் பேச்சை நிறுத்தியிருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான திருத்தக்கூடிய பதினான்கு காரணிகளில் காது கேளாமையும் உண்டு, சமூகத் தனிமையும் உண்டு. ஒன்று மற்றதை இழுத்துவரும் விதத்தை அந்தத் தெருவில் நேரில் பார்த்தேன்.

பாக்கி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், கருவாட்டுக்குக் கிராக்கி வரும். அந்த மே மாதத்தில், எங்கள் தன்னார்வலர் மஞ்சக்குப்பத்தில் தம் உறவினர் வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இவர் கடலோரத்திலிருந்து வருகிறார் என்று கேள்விப்பட்டு, "ஒரு மீன்கார அம்மா வருவாங்க, காதுல பெரிய கம்மல் போட்டிருப்பாங்க, உயிரோட இருக்காங்களா?" என்று விசாரித்தார். அவர் விசாரித்ததற்குக் காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் வாங்கிய மீனுக்கு 340 ரூபாய் பாக்கி.

தன்னார்வலர் வந்து சொன்னதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். 340 இல்லை, 360 என்றார். அதோடு நிறுத்தவில்லை. இன்னும் பத்து வீட்டுப் பாக்கியைத் தெரு வாரியாக, தொகையோடு, என்ன மீன் என்பதோடு சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான்கு ஆண்டுகளாகத் தலைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். நினைவாற்றல் சோதனை என்று ஒரு தாளை நாங்கள் கொண்டுபோயிருந்தோம். அதை வெளியே எடுக்கவில்லை.

பாக்கி வசூலுக்குத் துணைக்கு வர முடியுமா என்று அவர்தான் கேட்டார். அது எங்கள் திட்டத்தில் இல்லாத செயல். மே கடைசி வாரம் ஒரு புதன்கிழமை, நான், தன்னார்வலர், ஆயா மூவரும் நகரப் பேருந்தில் போனோம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இத்தகைய சிறு பயணங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை ஒரு முழங்கால் நோயாளியோடு போனால்தான் தெரியும். பதினொரு வீடுகளில் இரண்டு பூட்டியிருந்தன. ஒரு வீட்டில் பாக்கி வைத்த அம்மாள் இறந்துவிட்டிருந்தார். ஆயா அந்த வாசலிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார், பணம் வாங்க மறுத்துவிட்டார். மற்ற எட்டு வீடுகளில் பணமும், மூன்று வீடுகளில் "கருவாடு கொண்டாந்து குடேன்" என்ற சொல்லும் கிடைத்தன. திரும்பி வரும்போது பேருந்தில் அவர் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் வீங்கியிருந்தது.

தடைக்காலம் முடிந்ததும் ஓர் ஏற்பாடு தானாக உருவானது. மூன்று வீடு தள்ளி, ஏழு வயது மகளோடு கணவரைப் பிரிந்து வாழும் இளம்பெண் ஒருவர் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுவந்தார். அவரிடம் வண்டி இருந்தது, வாடிக்கை இல்லை. ஆயாவிடம் வாடிக்கை இருந்தது, கால் இல்லை. அந்தப் பெண் ஏலத்தில் ஆயாவுக்கும் பொடி மீன் எடுத்து வந்து கொடுக்க, ஆயா ஆய்ந்து, உப்பிட்டு, மாடியில் வலை விரித்துக் காயவைத்தார். புதனும் ஞாயிறும் இருவரும் சேர்ந்து நகருக்குப் போனார்கள். மற்ற நாட்களில் அந்தப் பெண் விற்றுவிட்டுப் பகல் ஒரு மணிக்குத் திரும்பும்வரை குழந்தைக்குச் சோறு போடும் பொறுப்பு ஆயாவிடம் வந்தது. குழந்தை பள்ளிவிட்டு வரும் நாளிலும் வராத நாளிலும் உலை ஏறியது. மாத்திரைத் தூக்கு சமையல் மேடையிலிருந்து சாப்பிடும் இடத்துக்கு மாறியது. "ஆயா, மாத்திரை" என்று ஞாபகப்படுத்துவது குழந்தையின் வேலை.

மாடியில் கருவாடு காய்ந்ததால் வாசனை பொறுக்காமல் ஒரு வீட்டார் சண்டைக்கு வந்தார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஆயா எதிர்த்து இரைந்த சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டதாம். ஓராண்டுக்கு முன் கூப்பிட்டாலும் திரும்பாத ஆள்.

அளவுகள்

2024 செப்டம்பரில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 142, எடை 47 கிலோ. இரத்த அழுத்தம் 158/92. சர்க்கரை இறங்கிய அளவு அழுத்தம் இறங்கவில்லை. காரணம் தேட அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் ஒரு துண்டு கருவாட்டைச் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை மீட்ட தொழிலே அவருக்கு ஆகாத உப்பையும் தட்டில் கொண்டுவந்து வைத்தது. அதை வாரம் இருமுறையாகக் குறைக்க ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைக் கடைப்பிடித்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஒரே ஆளின் கதையில் எதற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. காது திறந்தது, சோறு வந்தது, மாத்திரை இறங்கியது, நடை கூடியது, கையில் சொந்தக் காசு புழங்கியது. இவை எல்லாம் ஆறு மாதத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. தொடர்பு கூடியதால் உடல் தேறியதா, உடல் தேறியதால் தொடர்பு கூடியதா என்ற கேள்வி பெரிய ஆய்வுகளையே துரத்தும் கேள்வி. என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது வரிசையை மட்டும்தான்: பாக்கி வசூல் முதலில் நடந்தது, மாத்திரை அட்டை பிறகு பிரிந்தது.

வாசலுக்கு அந்தப் பக்கம்

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எங்கள் நோயாளி அல்லர். ஆனால் இந்த ஆய்வில் அவரை விட்டுவிட முடியவில்லை. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வீட்டின் முன்னும் பின்னும் கண்காணிப்புக் கேமரா. அதை மகன் தன் போனிலிருந்து பார்த்துக்கொள்கிறார். ஓய்வூதியம், காப்பீடு, வேலைக்கு வரும் பெண், எதற்கும் குறைவில்லை. ஆயா நின்றுபோன பிறகு, காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கேட்டைத் தட்டிப் பேரம் பேசியவர் ஒருவரும் இல்லை. இருபது ஆண்டு மீன் வாங்கியிருக்கிறார். ஆயாவின் பெயரோ ஊரோ அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் என்றார். கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், காப்பிக் கடையில் பணியாளரிடம் முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லப்பட்டவர்கள், காசைக் கொடுத்துச் சட்டென்று வெளியேறச் சொல்லப்பட்டவர்களைவிட நல்ல மனநிலையோடு வெளியே வந்தார்கள். உறவென்று நாம் எண்ணாத இத்தகைய வாசல் உறவுகளைப் போனில் ஆர்டர் போடும் வசதி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. அந்த வசதியை நானும் பயன்படுத்துகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தத் தொடர்பின் இன்னொரு பயன் தெரிந்தது. பேரிடர்களில் தனித்திருப்பவர்களே முதலில் மடிகிறார்கள் என்பது, 1995 ஜூலையில் சிகாகோவில் எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற வெப்ப அலையைப் பற்றி எரிக் கிளினன்பெர்க் செய்த ஆய்விலிருந்து நன்கு அறியப்பட்டது. இங்கே மழை கொட்டிய அந்த இரவில், குழந்தையின் தாய் ஆயாவைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தார். மறுநாள் காலை, ஆசிரியர் தன்னார்வலரின் போனுக்கு மூன்று முறை அழைத்து ஆயாவைப் பற்றி விசாரித்தார். அன்று பகல் ஆசிரியர் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, ஆயா அதே போனை வாங்கி அவருக்கு அழைத்தார்.

கடைசிப் பதிவு

2025 பிப்ரவரியில் நான் முன்னறிவிப்பில்லாமல் போனபோது வீடு பூட்டியிருந்தது. எங்கள் வருகைப் படிவத்தில் 'சந்தித்தேன்', 'வீடு பூட்டியிருந்தது' என இரண்டே கட்டங்கள். இரண்டாவதில் குறியிட்டால் அது பலனற்ற வருகையாகக் கணக்கில் ஏறும். குறியிட்டுவிட்டு, மனம் கேளாமல் பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, வெயில் ஏறிய பிறகு இருவரும் காலிக் கூடையோடு வந்தார்கள். "புதங்கெழம வந்தா நான் எங்க இருப்பேன்? ஒரு வருசமா வர, இது கூடவா தெரியாது?" என்று ஆயா என்னைக் கேட்டார்.

வருகை நாளை வியாழனுக்கு மாற்றினோம். மார்ச் மாத வியாழன் ஒன்றில் அழுத்தம் 150/88, சர்க்கரை 136. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாரம் தூக்கக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. கூடையை இப்போது பாதிவரைக்கும்தான் நிரப்புவதாகச் சொல்கிறார். பூட்டியிருந்த இரண்டு வீடுகளில் ஒன்றின் பாக்கி வந்துவிட்டது. இன்னொன்று, 210 ரூபாய், சங்கரா மீன், நிலுவையில் இருக்கிறது.